கோடம்பாக்கத்திலிருந்து கிருஷ்ணா நகருக்கு

திரைப்படத்திற்கு அரசு தரும் சலுகையால் யாருக்கு லாபம் என்ற கேள்வி எழும்போதெல்லாம் நடிகரும் தயாரிப்பாளருமே நம் நினைவில் வருகிறார்கள். தச்சரையும், லைட்மேனையும், படப்பிடிப்புக்கு இட்லி கொண்டுவரும் மெஸ்காரரையும் யாரும் நினைப்பதில்லை. ஆனால் தென்னிந்தியத் திரைப்பட வரலாற்றில், ஒரு சலுகையின் நிபந்தனை எப்படி எழுதப்பட்டது என்பதே இந்த மனிதர்கள் எந்த ஊரில் சாப்பிடுவார்கள் என்பதைப் பெருமளவு தீர்மானித்திருக்கிறது. தெலுங்குத் திரைப்படம் சென்னையை விட்டுச் சென்ற கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

1950களில் தெலுங்கு, கன்னட, மலையாளப் படங்களில் மிகப் பெரும்பான்மை சென்னையில்தான் உருவாயின. வடபழனியின் விஜயா - வாஹினி, ஆசியாவிலேயே பெரியது என்று அன்று பேசப்பட்ட ஸ்டுடியோ. 1957இல் வந்த 'மாயாபஜார்' அங்கேதான் தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்டது. ராஜ்குமாரின் முதல் கதாநாயகப் படமான 'பேடர கண்ணப்பா' (1954) சென்னையில் உருவான கன்னடப் படம். ஒரே தளத்தில் காலையில் ஒரு மொழியும் மாலையில் வேறொரு மொழியும் ஒலித்த காலம் அது. மேஸ்திரிக்கோ மோல்டிங் தொழிலாளிக்கோ மொழி ஒரு பொருட்டில்லை. அரண்மனை எந்த மொழியிலும் அரண்மனைதான். ஆற்காடு சாலையை ஒட்டி மரக்கடை, வாடகை உடைக்கடை, கவரிங் நகைக்கடை, விக் செய்பவர், ஜெனரேட்டர் வண்டி என்று ஒரு சிறு தொழில் உலகமே வளர்ந்தது. எந்த அரசுத் திட்டமும் அதை வளர்க்கவில்லை. நான்கு மொழிப் படங்கள் ஓரிடத்தில் குவிந்ததே அதன் மூலதனம்.

இந்த அமைப்பின் அடியில் ஒரு முரண் இருந்தது. 1939ஆம் ஆண்டின் சென்னை கேளிக்கை வரிச் சட்டம், மாநிலங்கள் பிரிந்த பின் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தனித்தனியே உயிர் வாழ்ந்தது. 1956க்குப் பிறகு விஜயவாடாவில் டிக்கெட் வாங்கியவர் கட்டிய வரி ஹைதராபாத் கருவூலத்துக்குப் போனது. அதே படத்தின் தயாரிப்புச் செலவோ வடபழனியில் கூலியாகவும் வாடகையாகவும் இறங்கியது. எங்கள் மக்கள் படம் பார்க்கிறார்கள், பிழைப்பு மட்டும் எல்லைக்கு அப்பால் நடக்கிறது என்ற மனக்குறை எழுந்ததில் வியப்பில்லை. கர்நாடகத்திலும் கேரளத்திலும் இதே குறை இருந்தது.

மூன்று அரசுகளும் கையாண்ட வழி ஏறக்குறைய ஒன்றே: வசூலித்த வரியில் ஒரு பகுதியை மானியமாகவோ வரிக்குறைப்பாகவோ திருப்பிக் கொடுப்பது, ஆனால் படம் தம் மாநில எல்லைக்குள் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். கேரளம் 1975இல் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தை நிறுவி, திருவனந்தபுரத்தில் சித்ராஞ்சலி ஸ்டுடியோவையும் கட்டியது. ஆந்திரம் மானியத்தோடு ஹைதராபாத்தின் மேட்டு நிலங்களில் ஸ்டுடியோ கட்ட இடமும் கொடுத்தது. இன்று ஜூபிலி ஹில்ஸ், பஞ்சாரா ஹில்ஸ் என்றால் நிலத்தின் விலைதான் நினைவுக்கு வருகிறது; அன்று அவை பாறையும் முட்புதருமாகக் கிடந்தவை.

மானியம் மட்டுமே இந்த இடமாற்றத்தைச் செய்தது என்று சொல்வது மிகை. ஹைதராபாத்தில் சாரதி ஸ்டுடியோ 1950களிலேயே தோன்றிவிட்டது; ஆனால் படங்கள் சென்னையை விட்டு அசையவில்லை. அக்கினேனி நாகேஸ்வர ராவ் ஹைதராபாத்தில் குடியேறி, தம் படங்கள் அங்கேயே எடுக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தியதும், 1970களின் நடுவில் அன்னபூர்ணா ஸ்டுடியோவை எழுப்பியதும் முக்கியமான காரணங்கள். நட்சத்திரத்தின் கால்ஷீட்டும் அரசின் மானியமும் ஒரே ஊரைச் சுட்டியபோதுதான் தயாரிப்பாளர் பெட்டியைக் கட்டினார். பிறகு பத்மாலயா, ராமாநாயுடு என ஸ்டுடியோக்கள் வரிசையாக வந்தன. 1996இல் ராமோஜி திரைப்பட நகரம்.

எந்த வேலை முதலில் நகர்ந்தது என்பதுதான் எனக்கு இதில் சுவாரசியமான இடம். முதலில் போனது படப்பிடிப்பு, அதாவது உடலுழைப்பு. அரங்கம் அமைப்பவர், விளக்குத் தூக்குபவர், துணை நடிகர், ஓட்டுநர், சமையல்காரர் ஆகியோரின் நாட்கூலியும் பேட்டாவும் உடனடியாக இடம் மாறின. படச்சுருள் கழுவுதல், பாடல் பதிவு, பின்னணி இசை ஆகியவை நெடுங்காலம் சென்னையிலேயே நடந்தன. ஹைதராபாத்தில் எடுத்த நெகட்டிவ், பிரசாத் அல்லது ஜெமினி லேபுக்கு ரயிலேறி வந்தது. மானியம் ஓர் அரங்கை இரண்டு வருடத்தில் உருவாக்கிவிடும். நாற்பது வயலின் கலைஞர்களையும் ஒரு தேர்ந்த ஒலிப்பதிவாளரையும் உருவாக்க ஒரு தலைமுறை வேண்டும்.

கோடம்பாக்கத்திலிருந்து கைதேர்ந்த பலர் ஹைதராபாத்துக்குப் போனார்கள். அவர்களிடம் தொழில் கற்ற உள்ளூர் இளைஞர்கள் பிறகு அவர்களுக்கே போட்டியாளர்களாயினர். மானியத்தின் நோக்கம் அதுதான் என்பதால் இதில் குறை சொல்ல ஏதுமில்லை. யூசுப்குடாவை ஒட்டிய கிருஷ்ணா நகர் துணை நடிகர்களும் தொழிலாளர்களும் நிறைந்த பகுதியானது. சாலிகிராமத்தின் மறுபதிப்பு என்றே சொல்லலாம். வடபழனியிலோ வாஹினி நிலத்தில் மருத்துவமனையும் நட்சத்திர ஓட்டலும் வந்தன. 2013இல் வணிக வளாகமும் வந்தது. நில விலை உயர்வும் இதற்குக் காரணம். ஆனால் நான்கு மொழிகளின் படப்பிடிப்பு நிரம்பியிருந்தால் அந்தத் தளங்கள் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்திருக்கும்.

தமிழ்நாடு என்ன செய்தது? தரமான குறைந்த செலவுப் படங்களுக்கு மானியம் இருந்தது. 1994இல் தரமணியில் திரைப்பட நகரம் திறக்கப்பட்டது. ஆட்சி மாறியபோது அதன் பெயரும் மாறியது. ஆனால் பெரிதும் பேசப்பட்டது 2006ஆம் ஆண்டின் சலுகை: தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி முழு விலக்கு. 'ஜில்லுன்னு ஒரு காதல்' உடனே 'சில்லுனு ஒரு காதல்' ஆயிற்று. 'எம்டன் மகன்' 'எம் மகன்' ஆனான். 1914இல் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய ஜெர்மானியக் கப்பலின் பெயர், தொண்ணூறு ஆண்டுகளில் சூரனுக்கும் கெட்டிக்காரனுக்கும் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டிருந்தது. வரி விலக்கு அதை மறுபடியும் அந்நியமாக்கியது. 2011இல் 'யு' சான்றிதழ், தமிழ்ப் பண்பாடு, தமிழ் வசனம் என்று நிபந்தனைகள் கூடின.

அண்டை மாநிலங்களின் சலுகை 'எங்கே எடுத்தாய்?' என்று கேட்டது. தமிழகத்தின் சலுகை 'என்ன பெயர் வைத்தாய்?' என்று கேட்டது. பின்னதன் பலன் டிக்கெட் வசூலில் தோன்றி, திரையரங்கு, விநியோகஸ்தர், தயாரிப்பாளர் என்ற மூவருக்குள் பங்கிடப்பட்டு அங்கேயே நின்றுவிடும். ஒரு படம் முழுவதையும் ராமோஜி நகரில் எடுத்தாலும் பெயர் தமிழாயிருந்தால் விலக்கு உண்டு. வடபழனியின் மரக்கடைக்காரருக்கு அதில் ஒரு ரூபாய்கூட வந்து சேர வழியில்லை. மொழிப்பற்றின் பெயரால் தரப்பட்ட ஒரு சலுகை மொழி பேசும் தொழிலாளியைக் கணக்கில் கொள்ளாமல் போனதை அன்றைய விவாதங்களில் அதிகம் பேர் கவனிக்கவில்லை. நாம் பெயர்களின் இலக்கணத்தைப் பற்றியே சண்டையிட்டுக்கொண்டிருந்தோம்.

அண்டை மாநிலத்தின் வழியிலும் எல்லை மீறல் இருந்தது. ஆந்திரத்தில் தெலுங்குப் படத்துக்குக் குறைந்த வரியும் பிறமொழிப் படத்துக்கு அதிக வரியும் விதிக்கப்பட்டதை, மொழியை மட்டும் வைத்துப் பாகுபடுத்துவது சமத்துவ உரிமைக்கு முரண் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது மாநிலங்களின் பழைய கேளிக்கை வரி அதில் கரைந்து, உள்ளாட்சிகள் விதிப்பது மட்டும் எஞ்சியது. விலக்கித் தருவதற்கு மாநிலங்களிடம் பழைய வரி இல்லாமல் போயிற்று.

ஆனால் போட்டி முடியவில்லை. தமிழ்ப் பெரும் படங்கள் ஹைதராபாத்தில் அரங்கமைத்துப் படமாக்கப்படுவதைப் பெப்சி தொடர்ந்து எதிர்த்து வந்தது. 2023இல், தமிழ்ப் படங்களில் தமிழ்க் கலைஞர்களையே பயன்படுத்த வேண்டும், படப்பிடிப்பைத் தமிழகத்திலேயே நடத்த வேண்டும் என்று அது சொன்னபோது பவன் கல்யாண் மறுப்புத் தெரிவித்தார். எல்லா மொழிகளையும் வரவேற்பதால்தான் தெலுங்குத் திரையுலகம் வளர்கிறது என்பது அவருடைய வாதம். ஏறக்குறைய அதே வாதத்தைத்தான் 1960களில் சென்னையின் ஸ்டுடியோ முதலாளிகளும் சொல்லியிருக்கக்கூடும்.