தட்டைத் திருப்பிப் பார்த்தால்...

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும். நீ சரித்திரம் படிச்சவன், சரித்திரமாவே எழுது" என்று சங்கத்து நண்பர் போனில் சொன்னார். சரித்திரம் படித்த திமிரில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றியே எழுதிவிடுகிறேன். இப்போது வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காவது உபயோகப்படும்.

என் தாத்தா பினாங்கில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது, வைக்கோல் சுற்றிய ஒரு பெரிய சீனப் பீங்கான் தட்டையும் கொண்டுவந்தார். வெள்ளையில் நீலப் பூங்கொடி. 1981-ல் வீட்டில் பாகப்பிரிவினை. நான் எம்.ஏ. முடித்திருந்த நேரம். தட்டின் அடியில் இருந்த ஆறு சீன எழுத்துகளை நம் கல்லூரி நூலகத்துப் புத்தகம் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 'மகா மிங், செங்ஹுவா ஆட்சியில் செய்தது.' அந்த ஆட்சி ஆண்டுகள் 1465 முதல் 1487 வரை! "ஐந்நூறு வருஷத்துப் பொருள், விலைமதிப்பே கிடையாது" என்று கூடத்தில் நின்று அறிவித்தேன்.

அத்தை தன் பங்குக்கு வரவேண்டிய பாட்டியின் நாலு வளையலையும் விட்டுக்கொடுத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டார். "நீ படிச்சவன்டா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பத்து வருஷம் கழித்து அத்தை மகளுக்குக் கல்யாணம், பணம் வேண்டியிருந்தது. சென்னையில் பழம்பொருள் பார்த்துப் பழகிய ஒரு பெரியவரிடம் தட்டைக் கொண்டுபோனோம். அவர் எழுத்தைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்து, அடிவளையத்தின் மீது விரலை ஓட்டினார். நிமிர்த்தி, நகத்தால் சுண்டினார். 'ணங்' என்று வரவேண்டிய சத்தம் 'டொக்' என்று வந்தது. "எங்கேயோ மயிரிழை விரிசல் இருக்கு. வயசு நூறு இருக்கலாம் தம்பி. மிங் எல்லாம் இல்லை." அவர் சொன்ன விலைக்கு ஒரு வளையல்கூட வராது.

அன்று அவர் நடத்திய பாடம் இதுதான். எழுத்தைக் கடைசியில் படி. முதலில் பூச்சு இல்லாத அடிவளையத்தைப் பார். மிங் காலத்துப் பாத்திரங்கள் பலவற்றில் அங்கே சூளை மணல் ஒட்டியிருக்கும், பூச்சும் மண்ணும் சேருமிடத்தில் லேசாகத் துருச்சிவப்பு ஓடும். அடுத்தது நீலம். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகப் பக்கத்திலிருந்து வந்த கோபால்ட், பூச்சுக்குள் கருந்திட்டுகளாக இறங்கியிருக்கும். செங்ஹுவா காலத்தில் உள்நாட்டுக் கோபால்ட்டின் மென்மையான நீலம், மண்ணும் மெல்லிசு. எங்கள் தட்டோ கனமானது; ஊதா கலந்த தட்டையான நீலம். கடைசியாகத் தேய்மானம். உபயோகித்த தட்டில் கீறல்கள் நாலா பக்கமும் தாறுமாறாக இருக்கும். ஒரே சீராக இருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் ஆறு எழுத்து? அதுவும் சரித்திரமே. 1677-ல் ஜிங்தேசென் சூளைகளின் அதிகாரி, சக்கரவர்த்தி பெயரைப் பீங்கானில் எழுதக்கூடாது என்று தடை போட்டார். உடைந்தால் அந்தப் பெயர் குப்பையில் மிதிபடுமே என்ற பயம். குயவர்கள் பழைய மிங் ஆட்சிகளின் பெயரை எழுதினார்கள், அல்லது வெறும் வட்டமோ இலையோ வரைந்தார்கள். முன்னோர்மேல் இருந்த மரியாதையும் ஒரு காரணம். ஆக, செங்ஹுவா பெயர் நானூறு, ஐந்நூறு வருஷமாக எழுதப்பட்டு வந்திருக்கிறது.

எழுத்து எல்லாமே பொய் என்றும் சொல்லிவிட முடியாது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் டேவிட் ஜாடிகள் என்ற ஒரு ஜோடி இருக்கிறது. கோயிலுக்குக் காணிக்கை தந்ததாகக் கழுத்தில் எழுதியிருக்கும் வருஷம் 1351. மிங் காலத்துக்கு முன்பே இத்தனை நேர்த்தியா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். 1950-களில் ஜான் அலெக்சாண்டர் போப் என்ற அமெரிக்க அறிஞர், இஸ்தான்புல்லிலும் ஈரானின் அர்தபிலிலும் இருந்த பெரிய சேகரிப்புகளை அந்த ஜாடிகளோடு ஒப்பிட்டு, யுவான் காலத்து நீலப் பீங்கானை இனம் பிரித்தார். மண்ணும் நீலமும் வடிவமும் சேர்ந்து சாட்சி சொன்னதால் எழுத்து நிலைத்தது. போலிச் செப்பேட்டை எழுத்தமைதி பார்த்துக் கண்டுபிடிக்கிறோமே, அதே கதைதான். நம் ராமநாதபுரம் பெரியபட்டினத்தில் கிடைத்த சீன ஓட்டுச் சில்லுகளின் காலத்தையும் மண்ணும் பூச்சும்தான் சொல்லின.

விலையும் அப்படியே. அமெரிக்காவில் ஒருவர் வீட்டு வாசல் விற்பனையில் 35 டாலருக்கு வாங்கிய கிண்ணம், 2021 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் ஏழு லட்சம் டாலருக்கு மேல் போனது. அதன் நீலமும் வடிவமும் கைக்குப் பட்ட வழவழப்பும் அறிஞர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டன. அந்த விலையை நினைத்து நாம் கனவு காண வேண்டாம். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப நம் 1972-ம் ஆண்டுச் சட்டம் இடம் தராது.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் நான் வாயே திறக்கவில்லை. அத்தைதான் சொன்னார்: "ஏண்டா, நீ படிச்சது சரிதானே? எழுதினவன்தானே பொய் சொல்லியிருக்கான்!" நான் படித்தது சரிதான். அதை மட்டும் படித்ததுதான் தப்பு.

கல்யாணத்துக்கு நான் கடன் வாங்கி இரண்டு வளையல் போட்டேன். மீதி இரண்டைத் தருவதற்குள் அத்தை போய்விட்டார். தட்டை எனக்குத்தான் கொடுக்கச் சொன்னாராம். சங்கமத்துக்குக் கொண்டுவருகிறேன். மாணவர்கள் தாராளமாகத் திருப்பிப் பார்க்கலாம். எழுத்தை மட்டும் கடைசியில் படியுங்கள்.