புல்லட் எஞ்சின்: புதுப்பிப்பதா, மாற்றுவதா?

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறதா? கிளப்பியதும் பின்னால் நீலப் புகை கக்குகிறதா? அப்படியானால் அதன் சொந்தக்காரரை ஒரு கேள்வி பல நாட்களாக அரித்துக் கொண்டிருக்கும். எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பதா, அல்லது அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றைப் பொருத்துவதா? இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதி நம் சென்னையிலேயே நடந்தது.

இந்தியப் படைக்கும் காவல் துறைக்கும் ஏற்ற வண்டியாக இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான 350 புல்லட் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1955-இல் அதைச் சென்னையில் பூட்டுவதற்காக என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. சில ஆண்டுகளில் வார்ப்பு அச்சுகளும் கருவிகளும் இங்கே வந்து சேர்ந்தன. உறுப்புகளும் திருவொற்றியூரிலேயே உருவாயின. தாய் நிறுவனம் 1970-இல் இங்கிலாந்தில் மூடப்பட்டது. 1977 முதல் நம்மூர் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்!

நமக்கு வேண்டிய செய்தி வேறு. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த எஞ்சினின் அடிப்படை அளவுகள் மாறவே இல்லை. சிலிண்டரின் குறுக்களவு 70 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. தாத்தா வண்டியின் உறுப்பைப் பேரன் கடையில் கேட்டு வாங்க முடிந்தது. பழுது பார்க்கும் கலை இங்கே வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, சிலிண்டர் ஏன் தேய்கிறது? உராய்வினால்தான் என்று சட்டெனச் சொல்வீர்கள். அது பாதி விடையே. 1930-களில் பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் வேறொரு எதிரியைக் காட்டிக் கொடுத்தன. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது அது ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். குளிர்ந்த எஞ்சினிலோ, சிலிண்டர் சுவரில் பனித்துளிபோல் படிகிறது. எரிந்த வாயுக்கள் அதில் கரைந்து அமிலமாகி இரும்பை அரிக்கின்றன. ஆகவே, நாள்தோறும் கடைத்தெருவரை போய்த் திரும்பும் வண்டியின் சிலிண்டர், ஓடிய தூரத்துக்குக் கணக்கிட்டால், நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியினதைவிட விரைவில் தேயும். வைத்துப் போற்றுகிறோம் என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தேய்மானம் எங்கும் ஒரே அளவாக இராது. மேல் வளையம் வந்து நின்று திரும்பும் இடத்தில் எண்ணெய்ப் படலம் அறுந்துபோவதால் அங்கேதான் அதிகம். அதற்குச் சற்று மேலே விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு படி தட்டுப்படும். பிஸ்டன் பக்கவாட்டிலும் அழுத்துவதால் வட்டத் துளை முட்டை வடிவம் பெறுகிறது. அந்நிலையில் புது வளையம் மட்டும் போடுவது வீண் செலவு. லேத்துப் பட்டறையில் துளையைக் கடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போட வேண்டும். ‘இருபது’, ‘நாற்பது’, ‘அறுபது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது ஆயிரத்தில் அத்தனை பங்கு அங்குலம். அறுபது போட்டால் துளை 71.5 மி.மீ. ஆகிறது, 346 க.செ.மீ. எஞ்சின் 361 ஆகிவிடும்!

பிரிப்பதற்கு முன்பே நோயை ஓரளவு அறியலாம். அழுத்தமானியை வைத்து அளந்தபின், பிளக் துளை வழியே சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் குற்றம் வளையத்திலோ சிலிண்டரிலோ. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகியுங்கள். ஆனால் அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனத்த ஓசை வந்தால் கதை வேறு. கிராங்க் பின் தேய்ந்திருக்கிறது. இரு சக்கரங்களையும் பிரித்து, மறுபடி மிக நுட்பமாக நேர்ப்படுத்த வேண்டும். கை தேர்ந்தவர் கிடைக்காவிட்டால் வண்டி ஆயுள் முழுவதும் அதிரும். எஞ்சின் உறையே விரிசல் கண்டிருந்தால் மாற்றுவதுதான் வழி. அதைத் தவிர மற்றபடி, இரும்பு சிலிண்டர் கொண்ட புல்லட்டைப் புதுப்பிப்பதே மேல் என்பது என் கருத்து.

மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. பெட்ரோல் விலை கடித்த காலத்தில் பலர் சிறு டீசல் எஞ்சினைப் பொருத்திக் கொண்டார்கள். தொழிற்சாலையே 1990-களில் டாரஸ் என்ற டீசல் வண்டியை விற்றது. சிக்கனம் கிடைத்தது, வேகமும் அமைதியும் போயின. சட்டச் சிக்கலும் இருக்கிறது. எஞ்சின் எண் பதிவுச் சான்றில் எழுதப்பட்டது. சொல்லாமல் எஞ்சினை மாற்றியவர் வண்டியை விற்கும்போது விழிக்க வேண்டியதுதான்.

அறுபதும் தேய்ந்துவிட்டால் என்ன செய்வது என்கிறீர்களா? துளையை இன்னும் அகலமாகக் கடைந்து, உள்ளே ஓர் இரும்புக் குழாயை இறுக்கிச் செருகுவார்கள். பட்டறையில் அதற்கு ‘ஸ்லீவ்’ என்று பெயர். பிறகு அதை 70 மி.மீ.க்குக் கடைந்தால், பழையபடி முதல் அளவு பிஸ்டனையே போடலாம்.