உள்ளுறுப்பைக் காணக் கற்றல்: வயிற்றுக் கதிரியலின் வளர்ச்சியும் வைத்தியரின் தொடர்கல்வியும்

மருத்துவத்தின் வளர்ச்சியை எடுத்துரைப்போர் கருவிகளின் வரலாற்றையே பெரிதும் எடுத்துரைப்பர். எக்ஸ் கதிர் கண்டறியப்பட்ட ஆண்டும், கணினி வெட்டுமுகப் படக்கருவி முதன்முதல் நோயாளியொருவரிடத்துப் பயன்பட்ட நாளும் நூல்களிற் பதிவாகியுள்ளன. அக்கருவிகள் தந்த நிழல்களைப் பொருளுணர்ந்து வாசிக்கும் கண் எவ்வாறு உருவாயிற்று என்ற வினா அத்துணை எழுப்பப்படுவதில்லை. வயிற்றறையையும் இடுப்புக்குழியையும் பொறுத்தவரையில் இவ்வினா தனி முக்கியத்துவம் உடையது. கதிரியல் வல்லுநர் தம் தொழிலில் அமர்ந்த பின்னரும் மீண்டும் மீண்டும் மாணவராக நேர்ந்த துறை இதுவேயாகும்.

1895 நவெம்பர் 8ஆம் நாள் வூர்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் றொன்ற்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். சில மாதங்களுக்குள் முறிந்த எலும்பையும் உடலிற் புதைந்த குண்டையும் வைத்தியர் கண்ணாற் காணத் தொடங்கினர். வயிறோ இருண்டே கிடந்தது. எலும்பு கதிரைப் பெரிதும் உறிஞ்ச, நுரையீரலிலுள்ள காற்று அதனைத் தடையின்றிச் செல்லவிடும். ஆதலின் மார்பறையில் ஒளியும் நிழலும் இயல்பாகவே பிரிந்து தோன்றும். ஈரல், மண்ணீரல், குடல், சூலகம் முதலியனவோ ஏறத்தாழ ஒரே அடர்த்தியுடையன. அவற்றின் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கலாகவே வீழ்ந்தன. ஆகவே வயிற்றறையைக் காண்பதற்கு, இயற்கையில் இல்லாத வேறுபாடொன்றைச் செயற்கையாக ஏற்படுத்தவேண்டியிருந்தது.

இம்முயற்சியைத் தொடங்கியவர்களுள் ஹாவாட் பல்கலைக்கழக மருத்துவ மாணவராயிருந்த வோல்ற்றர் கனன் குறிப்பிடத்தக்கவர். அவர் 1896ஆம் ஆண்டின் இறுதியில் விலங்குகளின் உணவுக்குழாயை எக்ஸ் கதிரின் துணைகொண்டு நோக்கத் தொடங்கினார். பின்னர்ப் பூனைகளுக்குப் பிசுமது உப்புக் கலந்த உணவை ஊட்டி, இரைப்பையின் அசைவுகளை ஆராய்ந்து 1898இல் வெளியிட்டார். பூனை அச்சமோ சினமோ கொண்டபோது இரைப்பையின் அசைவு நின்றுபோவதையும் அவர் கண்டார். 1904இல் மியூனிக் நகரத்து ஹேர்மன் றீடர் பிசுமது உணவை மனிதரிடத்துப் பயன்படுத்தும் முறையை வகுத்தார். பிசுமது உப்புக்களால் நச்சு விளைவுகள் நேர்ந்தமையால், 1910ஆம் ஆண்டளவில் பேரியஞ் சல்பேற்று அதன் இடத்தைப் பெற்றது.

பித்தப்பையும் சிறுநீரகமும் பின்னரே கண்ணுக்குப் புலனாயின. சென் லூயிஸ் நகரில் எவாட்ஸ் கிரஹாம், வொறன் கோல் ஆகிய இருவரும் பித்தத்தின் வழியே வெளியேறும் சாயப்பொருளொன்றைக் குருதியிற் செலுத்திப் பித்தப்பையைப் படம்பிடிக்க முயன்றனர். விலங்குகளிடத்து நிகழ்த்திய சோதனைகள் பல பயனற்றுப்போக, ஒரு நாயின் பித்தப்பை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. காரணத்தைத் தேடியபோது, அந்நாய்க்கு அன்று உணவு கொடுக்கப்படவில்லை என்பது வெளிப்பட்டது. உணவு சென்றாற் பித்தப்பை சுருங்கித் தன்னிடமுள்ளதை வெளியேற்றிவிடும் என்பதும், நோயாளி வெறும்வயிற்றுடன் இருத்தல் வேண்டும் என்பதும் இவ்வாறே விளங்கின. 1924இல் இம்முறை வெளியிடப்பட்டது. 1929இல் நியூயோர்க்கைச் சேர்ந்த இளம் வைத்தியரான மோசஸ் சுவிக், அயடீன் சேர்ந்த சேர்வையொன்றை நாளத்திற் செலுத்திச் சிறுநீரகத்தைப் படம்பிடிக்கும் முறையை ஜேர்மனியில் நிறுவினார். அவருடைய பங்கிற்கு உரிய மதிப்பு நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1965இலேயே நியூயோர்க் மருத்துவக் கழகம் அவருக்குப் பதக்கம் வழங்கியது.

இக்காலகட்டம் வரையில் கதிரியல் வல்லுநர் கற்கவேண்டியிருந்தது நிழலின் இலக்கணமே. குடற்சுவரின் விளிம்பு எங்கே சிதைந்துள்ளது, பேரியம் எங்கே தேங்குகின்றது, எங்கே நிரம்பாது விடுகின்றது என்பவற்றைக் கொண்டு நோயை உய்த்துணர்ந்தனர். அடுத்து வந்த மாற்றம் அவ்விலக்கணத்தையே மாற்றியது. கிளாஸ்கோ நகரின் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியரான இயன் டொனால்ட், உலோகங்களிலுள்ள வெடிப்பைக் கண்டறியத் தொழிற்சாலைகளிற் பயன்பட்ட கழியொலிக் கருவியை 1955இல் அறுவையின்போது அகற்றப்பட்ட கட்டிகளிடத்துச் சோதித்தார். பின்னர்ப் பெண்ணொருவர், முற்றிய இரைப்பைப் புற்றுநோயால் வயிற்றில் நீர் தேங்கியுள்ளவர் எனக் கருதப்பட்ட நிலையில் அவர்முன் கொண்டுவரப்பட்டார். கழியொலி காட்டியதோ நீர் நிறைந்த பெருங்கட்டியொன்றினை. சத்திரசிகிச்சையின்போது அது சூலகக் கட்டியெனத் தெளிவாகி, அகற்றப்பட்டது. அப்பெண் உயிர் பிழைத்தார். மக்விகர், பிரவுண் ஆகியோருடன் சேர்ந்து டொனால்ட் எழுதிய கட்டுரை 1958 யூன் மாதத்தில் ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளியாயிற்று.

1971 ஒக்ரோபர் 1ஆம் நாள் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்டின் கணினி வெட்டுமுகப் படக்கருவி இலண்டனில் முதன்முதலாக நோயாளியொருவரின் மூளையைப் படம்பிடித்தது. தலையை அசையாது நிறுத்தலாம்; மூச்சோடு மேலுங்கீழும் அசையும் ஈரலை அவ்வாறு நிறுத்தவியலாது. எழுபதுகளின் நடுப்பகுதியில் முழு உடற்கருவிகள் வந்த போதிலும், 1989இல் வில்லி கலெண்டர் முதலியோர் அறிமுகப்படுத்திய சுருள்முறைப் படப்பிடிப்பின் பின்னரே ஒருமுறை மூச்சடக்கும் நேரத்திற்குள் வயிற்றறையின் பெரும்பகுதியைப் படமாக்குதல் இயல்வதாயிற்று. காந்தப் பரிவுப் படமுறையும் 1973இல் போல் லோற்றபேர் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்து இடுப்புக்குழி உறுப்புக்களை நுட்பமாகக் காட்டலாயிற்று. பேரியத்தின் நிழலைப் படித்துத் தேர்ந்த வல்லுநர், தமது நடுவயதிலே குறுக்கு வெட்டுமுகமாக உடலைக் காணவும், எதிரொலியாற் காணவும், நீரணுக்களின் காந்த இயல்பாற் காணவும் புதிதாகக் கற்கவேண்டியவராயினர். பட்டமும் நிபுணத்துவச் சான்றிதழும் பெற்ற காலத்து இவற்றுள் எதுவும் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை.

இந்நெருக்கடியே தொடர்கல்விக்கு நிறுவன வடிவம் கொடுத்தது எனலாம். ஐக்கிய அமெரிக்காவில் 1971இல் இரைப்பைக்குடற் கதிரியலாளர் சங்கமும், 1974இல் சிறுநீரகக் கதிரியற் சங்கமும் தோன்றின. ஒரே வெட்டுமுகப் படத்தில் குடலும் சிறுநீரகமும் ஒருங்கே தோன்றும்போது உறுப்புவாரியான பிரிவினை பொருளிழந்தது. இவ்விரு சங்கங்களும் 2012இல் ஒன்றிணைந்து வயிற்றுக் கதிரியற் சங்கமாயின. 1981இல் தொடங்கப்பட்ட ‘றேடியோகிராபிக்ஸ்’ சஞ்சிகை, புத்தாய்வினும் கற்பித்தலையே முதன்மை நோக்கமாகக் கொண்டமை கருதத்தக்கது.

இவற்றுள் தனித்து நோக்கவேண்டியது வாஷிங்டனிலிருந்த படைத்துறை நோயியல் நிறுவனத்தின் பயிற்சிநெறியாகும். அங்கு வரும் இளம் வைத்தியர், படமும் அதற்குரிய நோயியற் சான்றும் சேர்ந்த நோயாளர் பதிவைத் தம்முடன் கொண்டுவருதல் விதியாயிருந்தது. மாணவரே ஆசிரியருக்குப் பாடப்பொருள் கொணரும் இவ்வேற்பாட்டினால், நிழலும் அதனை வீழ்த்திய இழையமும் அருகருகே வைக்கப்பட்ட பெருஞ் சேமிப்பு உருவாயிற்று. படத்திற் கண்டது மெய்தானா என்பதற்கு இறுதி விடை நோயியலாளரின் நுணுக்குக்காட்டியிலேயே உள்ளது. தன் தவறு இன்னதென்று அறியும் வாய்ப்பற்ற கண் நெடுங்காலம் உழைத்தாலும் தேறுவதில்லை. பழைய தவற்றையே பழக்கமாக்கிக்கொள்ளும். அந்நிறுவனம் 2011இல் மூடப்பட்டபோது கதிரியல் உலகு கலங்கியமைக்குக் காரணம் இதுவே. அமெரிக்கக் கதிரியற் கல்லூரி புதிய நிறுவனமொன்றை அமைத்து அப்பயிற்சிநெறியைத் தொடர்ந்து நடத்த முன்வந்தது.

அனுபவம் மட்டும் போதுமென்ற எண்ணத்தை லியோ ஹென்றி காலண்ட் 1949இலேயே அசைத்திருந்தார். தேர்ந்த வாசகரும் நோயுள்ள மார்புப் படங்களில் ஏறத்தாழ 30 வீதமானவற்றைத் தவறவிடுகின்றனர் என அவர் காட்டினார். வயிற்றுக் கதிரியலில் இவ்வுண்மை பெருங்குடலின் வாயிலாக வெளிப்பட்டது. கணினி வெட்டுமுகப் படங்களைக் கொண்டு பெருங்குடலின் உட்புறத்தை நோக்கும் முறை 1994இல் அறிமுகமாயிற்று. 2003இல் பிக்கார்ட் முதலியோர் 1,233 பேரிடம் நிகழ்த்திய ஆய்வில், 10 மில்லிமீற்றரும் அதற்கு மேற்பட்டதுமான கட்டிகளை உடையோருள் ஏறத்தாழ 94 வீதத்தினர் இனங்காணப்பட்டனர். அடுத்த ஆண்டு கொட்டன் முதலியோர் ஒன்பது வைத்தியசாலைகளில் 615 பேரிடம் நிகழ்த்திய ஆய்விலோ அத்தகையோருள் 55 வீதத்தினரே இனங்காணப்பட்டனர். ஒரே முறை இருவேறு முடிவுகளைத் தந்தமை பெரும் விவாதத்தை எழுப்பியது. குடலைத் தயார்செய்யும் முறையிலும் படத்தை முப்பரிமாணமாக நோக்கும் முறையிலும் வேறுபாடுகள் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் இரண்டாவது ஆய்வில் வாசகருக்கு விதிக்கப்பட்ட முன்னனுபவம் குறைந்தது பத்து நோயாளர் மட்டுமே என்பது கவனத்தை ஈர்த்தது.

2008இல் வெளியான தேசிய ஆய்வு இப்படிப்பினையை ஏற்று வகுக்கப்பட்டது. 15 நிலையங்களில் 2,600 பேர் இதிற் சேர்க்கப்பட்டனர். பங்குபெற்ற வாசகர் ஒவ்வொருவரும், ஐந்நூறு நோயாளரின் படங்களை வாசித்த அனுபவம் உடையவராகவோ சிறப்புப் பயிற்சி பெற்றவராகவோ இருத்தல் வேண்டியிருந்தது. அதன் பின்னரும் பெருங்கட்டிகளுள் 90 வீதத்தையேனும் கண்டறிந்து தேர்வொன்றிற் சித்தியடைந்தோரே அனுமதிக்கப்பட்டனர். இவ்வாய்வில் பெருங்கட்டியுடையோருள் 90 வீதத்தினர் இனங்காணப்பட்டனர். கருவியின் ஆற்றலை அளப்பதாக எண்ணும் ஆய்வு, உண்மையில் கருவியையும் கண்ணையும் சேர்த்தே அளக்கின்றது என்பது இவற்றால் புலனாகும்.

வாசிக்கும் கண்ணோடு எழுதும் மொழியும் சீர்பெற வேண்டியிருந்தது. 1982இல் பிரித்தானியச் சத்திரசிகிச்சை நிபுணர் பில் ஹீல்ட், நேர்குடலை அதனைச் சூழ்ந்த கொழுப்பிழையத்தோடு முழுமையாக அகற்றும் முறையை விளக்கினார். அதன்பின், கட்டி அவ்விழையத்தின் எல்லைக்கு எத்தனை மில்லிமீற்றர் அண்மையில் உள்ளது என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கும் வினாவாயிற்று. 2006இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, 11 நிலையங்களைச் சேர்ந்த 408 நோயாளரைக் கொண்டு, காந்தப் பரிவுப் படம் இவ்வினாவிற்கு விடைகூற வல்லது எனக் காட்டியது. ‘கட்டி உண்டு’ என்றெழுதி அமைந்த அறிக்கை அதன்பின் போதாதாயிற்று. ஈரற்கட்டிகளுக்கு 2011இலும், ஆண்களின் புரோத்தேத்துச் சுரப்பிக்கு 2012இலும் தரப்படுத்திய அறிக்கை முறைகள் வகுக்கப்பட்டன. பின்னையது 2015இலும் 2019இலும் திருத்தப்பட்டது. ஏழாண்டுக் காலத்துள் மூன்று வடிவங்களைக் கண்ட ஒரு முறையை, ஒருமுறை கற்று வாழ்நாள் முழுதும் பயன்படுத்துதல் எவ்வாறு இயலும்?

சான்றிதழ் பற்றிய கருத்தும் இதற்கேற்ப மாறியது. 1934இல் நிறுவப்பட்ட அமெரிக்கக் கதிரியற் சபை நெடுங்காலம் வாழ்நாட் சான்றிதழையே வழங்கியது. 2002 முதல் நோயறி கதிரியலில் அது வழங்கிய சான்றிதழ்கள் பத்தாண்டு எல்லை உடையனவாயின. 2020இல் இணையவழியாக இடையறாது வினாக்களுக்கு விடையளிக்கும் முறை தொடங்கப்பட்டது. இத்தகைய ஏற்பாடுகள் வெறுஞ் சடங்காகிவிடும் அபாயம் இல்லாமலில்லை. விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருந்த மணித்தியாலங்களை எண்ணுதல் எளிது. அவ்வைத்தியர் தாம் தவறவிட்ட கட்டியை அடுத்த முறை காண்கின்றாரா என்பதை அறிதலே அரிது. வரலாறு காட்டும் பயனுள்ள வழிகளில் ஒரு பொதுப்பண்பு உண்டு. நோயியற் சான்றோடு படத்தை ஒப்பிட்ட பயிற்சிநெறியும், தேர்வு வைத்து வாசகரைத் தெரிந்த குடலாய்வும், கற்போர் தமது முடிவை மெய்யான விடையோடு ஒத்துப்பார்க்கும் வாய்ப்பை வழங்கின.

வைத்தியசாலையொன்று புதிய படக்கருவியைப் பெறும்போது அதன் விலை கணக்கிடப்படும். அதனை வாசிப்போரின் கல்விக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவும் நேரமும் அக்கணக்கில் இடம்பெறுதல் அரிது. கிளாஸ்கோவிற் பிழைத்த பெண்ணின் வயிற்றை அறிந்த கருவி கப்பல்கட்டும் உலோகத்திற்கென அமைந்த ஒன்றே. அதன் எதிரொலியில் நீரையும் திண்மத்தையும் வேறுபடுத்தக் கற்றுக்கொண்ட வைத்தியரே அவருக்கு உயிரளித்தவர். அக்கற்றலுக்கு வேண்டிய நேரத்தையும் சான்றுகளையும் வைத்தியருக்குத் தொடர்ந்து அளிப்பது, கருவியை வாங்குவோர் ஏற்கவேண்டிய கடமையின் ஒரு பகுதியாகும்.