பதின்மூன்று நாட்கள்



1888-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் எழுதிய ஒரு கடிதத்தில், கல்கத்தாவில் மருத்துவம் பயின்ற ஓர் இளம்பெண்ணைப் பற்றிய குறிப்பு உண்டு. பிள்ளைப்பேற்றிற்காக அவர் வகுப்புக்கு வராதிருந்தது 13 நாட்கள் மட்டுமே என்று அம்மையார் வியந்து எழுதுகிறார். அவர் காதம்பினி கங்கூலி. 1883-இல் சந்திரமுகி பாசு என்னும் கிறிஸ்தவப் பெண்ணுடன் பட்டம் பெற்று, இந்நாட்டின் முதல் பெண் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானவர்.

இச்செய்தியை நான் மகளிர் கூட்டங்களில் பலமுறை பெருமையுடன் கூறியிருக்கிறேன். ஒருமுறை, இரவுப் பணி முடித்து நேரே கூட்டத்திற்கு வந்திருந்த செவிலியச் சகோதரி ஒருவர் கேட்டார்: “பதினான்காம் நாள் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள், ஐயா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை என்பதுதான் வெட்கம்.

அதன்பின் அவருடைய வரலாற்றை வேறு கண்களோடு வாசித்தேன். எட்டுப் பிள்ளைகளைப் பேணும் பொறுப்பு அவருக்கு இருந்தது. நோயாளிகளின் வீடுகளுக்குக் குதிரை வண்டியில் செல்லும் வழியிலும் சரிகைப் பின்னல் வேலை செய்வாராம். கைகள் ஓய்ந்ததே இல்லை போலும். 1891-இல் ‘பங்கபாசி’ என்ற பத்திரிகை அவரை நடத்தை கெட்டவர் என்று பொருள்படும்படி இழித்து எழுதிற்று. தாய் ஒருத்தி வீட்டைவிட்டு வெளியே பணிபுரிவதை அன்றைய சமூகம் அவ்விதமே கண்டது. கணவர் துவாரகநாத் பின்வாங்கவில்லை, நண்பர்களுடன் வழக்காடினார். ஆசிரியருக்கு ஆறு மாதச் சிறையும் நூறு ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அதற்கடுத்த ஆண்டுகளில் பிள்ளைகளைக் கல்கத்தாவில் விட்டு அவர் பிரிட்டனுக்குச் சென்று, 1893-இல் மேற்படிப்புப் பட்டங்களைப் பெற்றார். பிள்ளைகளோடு வீட்டில் நின்றவர்களின் உழைப்பும் அப்பட்டங்களில் அடங்கியிருக்கிறது. அவர்களை எவரும் வியந்து கடிதம் எழுதவில்லை.

நம் சபையிலும் மருத்துவமனைப் பணிக்குச் செல்லும் தாய்மார் பலர் உண்டு. ஆராதனைக்குத் தாமதித்து வரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கிறோம். அவ்வேளையில் அவர்கள் மடியிலிருக்கும் பிள்ளையைச் சற்று வாங்கிக்கொள்ள நம்மில் எத்தனைபேர் எழுந்ததுண்டு?

1898-இல் துவாரகநாத் மறைந்தார். காதம்பினி அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் பணியைத் தொடர்ந்தார். 1923 அக்டோபர் 3 அன்றும் ஓர் அறுவைச் சிகிச்சையை முடித்தே வீடு திரும்பினார். அன்றே காலமானார்.