மந்திரவாதியின் இடையில் ஒரு வாள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்றொரு சிற்றூர் உண்டு. சிறு பொம்மைப் படைகளை அணிவகுத்து நிறுத்திப் பண்டைய யுத்தங்களை மேஜைமீது மறுபடியும் நடத்திப் பார்ப்பதில் பேரார்வம் கொண்டிருந்த அவ்வூர்க் கேரி கைகாக்ஸும், மினசோட்டாவில் அதே விநோதத்தில் ஈடுபட்டிருந்த டேவ் ஆர்னெசனும் சேர்ந்து இயற்றிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டம், 1974-ஆம் ஆண்டில், ஒரு பெட்டிக்குள் அடங்கிய மூன்று மெல்லிய புத்தகங்களாக வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்திச் செல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேச்சாலும் பகடையாலும் பாழ்ங்கோட்டைகளின் நிலவறைகளில் பிரவேசித்து, பூதங்களோடு பொருது பொருள் தேடும் அவ்விளையாட்டில், ஆட்டக்காரர் மேற்கொள்ளக்கூடிய தொழில்கள் ஆதியில் மூன்றே: போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. இம்மூவருள் மந்திரவாதி குத்துவாள் தவிர வேறு ஆயுதம் ஏந்தலாகாது, கவசம் பூணலாகாது என்று அந்தப் புத்தகங்கள் விதித்தன. அந்த விதியின் சரித்திரத்தையும், அதைக் கடந்து வாள் ஏந்த வந்தவர்கள் செலுத்திய விலையையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதைகளில் அப்படியொரு தடை இருந்ததே இல்லை. டோல்கீன் படைத்த காண்டால்ஃப் என்னும் மாயாவி, கிளாம்டிரிங் என்ற புராதன வாளைத் தாங்கிப் போர் செய்தவர். மைக்கேல் மூர்காக் 1961 முதல் எழுதிவந்த கதைகளின் நாயகனான எல்ரிக், மந்திரத்தில் வல்ல மன்னனாக இருந்தும் ஸ்டார்ம்பிரிங்கர் என்ற கரிய வாளைப் பிரியாதவன். ஃபிரிட்ஸ் லைபரின் கிரே மௌசரோ, மந்திரவாதி ஒருவரிடம் சீடனாயிருந்து பின்னர் வாள்வீரனாகப் புகழ் பெற்றவன். இம்மூவரையும் படைத்த ஆசிரியர்களின் பெயர்களைக் கைகாக்ஸ் தாமே, ஆட்டத்தை நடத்துவோருக்காக 1979-இல் வெளியிட்ட நூலின் அநுபந்தத்தில், தமக்கு ஆதர்சமாயிருந்தவர்கள் என்று குறித்திருக்கிறார். அவ்வளவும் படித்து ரசித்த ஒருவர் மந்திரவாதியின் கையிலிருந்து வாளைப் பிடுங்கினார் என்றால், அதற்குத் தக்க காரணம் இருந்தே தீரவேண்டும்.

காரணத்தை அந்த ஆட்டத்தின் பொருளாதாரத்தில்தான் தேடவேண்டும். பாத்திரங்கள் ஏறிச்செல்லும் தேர்ச்சிப் படிகளுள் முதற்படியில் நிற்கும் மந்திரவாதிக்கு ஒரே ஒரு மந்திரம். ஜாக் வான்ஸின் கதைகளில் வருவது போல, உச்சரித்த மாத்திரத்தில் அதுவும் நினைவினின்று மறைந்துவிடும். அதன்பின் அவன் நிராயுதபாணியான கிழவனுக்கு ஒப்பாவான். ஆயினும் படிகள் ஏற ஏற, அவன் எறியும் அக்கினிக் கோளம் ஒரு கூட்டத்தையே நீறாக்கும். தன் வாளையன்றி வேறொன்றை நம்பாத போர்வீரன் அப்போது அவனுக்கு எதிரே ஒளி மங்கி நிற்பான். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யவே, புதையல்களில் கிடைக்கும் மாய வாள்கள் யாவும் போர்வீரனுக்கே உரியவை என்று முதற்புத்தகங்கள் வகுத்தன. அவ்வாள்கள் சாமானியமான இரும்பு அல்ல. சிலவற்றுக்கு அறிவுண்டு, அகங்காரம் உண்டு, பேசும் ஆற்றல்கூட உண்டு. ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்த நண்பர்களில் ஒருவரது பங்கு மற்றொருவரிடம் போய்ச் சேராதபடி காத்த அந்த ஏற்பாட்டைக் குறுகிய மனத்தின் விளைவென்று சிலர் இகழ்வதுண்டு. எனக்கு அது மிக்க நியாய உணர்வோடு செய்த காரியமாகவே படுகிறது.

எனினும் முதற்புத்தகத்திலேயே விதிக்கு ஒரு விலக்கும் இருந்தது. எல்ஃப் என்ற நெடுநாள் வாழும் வனக்குலத்தைச் சேர்ந்த பாத்திரம், ஓர் ஆட்டத்தில் போர்வீரனாகவும் அடுத்த ஆட்டத்தில் மந்திரவாதியாகவும் விருப்பம்போல் மாறிக்கொள்ளலாம். ஆட்டத்தின் நடுவே மட்டும் மாறக்கூடாது. மாயக் கவசம் கிடைத்தால் அதை அணிந்தபடியே மந்திரமும் செய்யலாம். இதற்கு ஈடாக, போர்வீரனாக 4-ஆம் படிக்கும், மந்திரவாதியாக 8-ஆம் படிக்கும் மேலே அவன் ஏற முடியாதபடி எல்லை கட்டப்பட்டது. வாளையும் மந்திரத்தையும் ஒருங்கே பெற விரும்புவோர் ஏதேனும் ஒன்றை இழந்தே பெறவேண்டும் என்ற கொள்கை இங்கேதான் வேரூன்றியது. 1978-இல் விரிந்த வடிவில் வந்த நூல், இரு தொழில்களைச் சேர்த்து நடத்தும் பாத்திரம் படியேறுவதற்காக ஈட்டும் அனுபவப் புள்ளிகளை இரண்டுக்கும் பாதியாகப் பங்கிட்டது. 1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த எளிய பதிப்பில் எல்ஃப் என்பதே ஒரு தனித் தொழிலாயிற்று. இரண்டாம் படியை எட்டப் போர்வீரனுக்கு 2000 புள்ளிகளும் மந்திரவாதிக்கு 2500 புள்ளிகளும் போதுமானவையாயிருக்க, எல்ஃபுக்கு 4000 வேண்டியிருந்தது. அந்தப் பதிப்பை ஆடியவர்கள் அறிவார்கள்: தோழர்கள் யாவரும் படியேறிக்கொண்டிருக்க, தான் மட்டும் முதற்படியிலேயே நெடுங்காலம் காத்துக்கிடப்பது எவ்வளவு பெரிய தவம் என்பதை.

அதுகாறும் வாளும் மந்திரமும் ஒரே பாத்திரத்திடம் அடுத்தடுத்து வைத்த இரு பண்டங்களாயிருந்தனவேயன்றி, இரண்டும் கலந்து ஒரே வித்தையாகவில்லை. அந்தக் கலப்பை நிகழ்த்தியது, 1990-களின் தொடக்கத்தில் காலின் மெக்கோம்ப் எழுதி வெளியான, எல்ஃப்களைப் பற்றிய தனி நூல். அதில்தான் ‘பிளேட்சிங்கர்’ என்ற பெயர் தோன்றியது. போரையும் மந்திரத்தையும் சேர்த்துக் கற்ற இந்த எல்ஃப், ஒரே ஓர் ஆயுதத்தைத் தேர்ந்து அதிலேயே தன் பயிற்சி முழுவதையும் செலவிடுகிறான். வேறெந்த ஆயுதத்தைத் தொட்டாலும் அவனுக்குக் கை தவறும். கேடயம் கிடையாது, மற்றொரு கை எப்பொழுதும் வெறுங்கையாக, மந்திர முத்திரைக்கென்று ஒழிந்திருக்கவேண்டும். அவனது போர்முறை நாட்டியமும் சங்கீதமும் கலந்த ஒரு லயமாக வருணிக்கப்பட்டது. அந்த லயத்தில் நிற்கும்போது பகைவனின் வீச்சுகளினின்று தப்புவதும், கைகலப்பின் நடுவிலேயே மந்திரத்தை உச்சரிப்பதும் அவனுக்குச் சாத்தியமாயின. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் குலத்தவர் ஒருவர் ஆபத்தில் இருந்தால் உதவிக்கு விரைந்தே ஆகவேண்டும் என்ற கடமை அவன் தலைமீது சுமத்தப்பட்டிருந்தது. இந்த ஏற்பாடு அளவுமீறிய வலிமையைத் தருவதாக அக்காலத்தில் பலர் குறைபட்டதுண்டு. எண்களைப் பொறுத்தவரை அவர்கள் கூற்று மெய்யே. ஆனால் அதுவரை புள்ளிகளில் வசூலித்த விலையை ஒரு மனிதனின் வாழ்க்கை முறையில் வசூலித்த முதல் முயற்சி அது என்பதனால், இந்தச் சரித்திரம் முழுவதிலும் அதைவிட உயர்ந்த இடம் வேறெதற்கும் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

1997-இல் இந்த ஆட்டத்தின் உரிமை விஸர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் வசமாயிற்று. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பிளேட்சிங்கர், தகுதி பெற்றோர் மட்டும் பிற்காலத்தில் நுழையக்கூடிய 10 படிகள் கொண்ட ஒரு சிறப்புத் தொழிலானான். 2001-இலும், திருத்திய வடிவில் 2003-இலும் அது அச்சேறியது. ஒரு கையில் வாளும் மறுகை வெறுமையுமாக நிற்கையில் அவனது புத்திக்கூர்மையே கவசத்துக்கு ஈடாக எண்ணப்பட்ட அழகிய கருத்து இக்காலத்துக்கு உரியது. நான்காம் பதிப்பைப் பற்றி விரித்துரைக்க அதிகமில்லை. 2008-இல் ஸ்வார்ட்மேஜ் என்ற மற்றொரு வாள் மந்திரவாதி முந்திக்கொண்டு வந்துவிட, பிளேட்சிங்கர் 2011-இல்தான் திரும்ப வந்தான்.

2015-இல், ஆட்டத்தின் கற்பனை உலகிலுள்ள வாள்கரைப் பிரதேசத்தைப் பற்றிய ஐந்தாம் பதிப்பு நூலில், அவன் மந்திரவாதி என்ற தொழிலின் நேரடியான ஓர் உட்பிரிவாக அமைந்தான். இரண்டாம் படியிலேயே அந்த வித்தை அவனுக்குக் கைகூடும்; ஒரு நிமிஷம் நீடிக்கும் வாள்கானத்தை எழுப்பினால், புத்திக்கூர்மையின் அளவு அவன் தற்காப்பில் சேரும், நடை வேகம் 10 அடி கூடும், அடிபட்டாலும் மந்திரத்தில் வைத்த சித்தம் எளிதில் சிதறாது. கனத்த கவசமோ கேடயமோ பூண்டால் கானம் எழாது. இரு கைகளாலும் ஆயுதத்தைப் பற்றி வீசினால் கலைந்துபோகும். நீண்ட வாளைச் சுழற்றும் சிங்க முறை, குறுவாளுக்குரிய சிறுத்தை முறை என்று மிருகங்களின் பெயரால் பரம்பரைகள் வகுத்து, அந்தந்தப் பரம்பரைக்குரிய பச்சைக்குறியை உடலில் தாங்கச் செய்த அந்த நூலின் பக்கங்கள், விதிப் புத்தகத்தில் எதிர்பாராத ரஸம் நிரம்பியவை. இவ்வளவுக்கும் அவனுடைய உயிர்ப்புள்ளிகள் மந்திரவாதிக்குரிய அற்பமானவையே. கானம் ஓய்ந்த நேரத்தில் ஒரு நல்ல வெட்டு அவனை வீழ்த்திவிடும்.

2020-இல் வெளிவந்த, டாஷா என்ற பாத்திரத்தின் பெயரைத் தாங்கிய நூல் இரண்டு மாற்றங்களைச் செய்தது. 6-ஆம் படியில் அவனுக்குக் கிட்டும் இரு வீச்சுகளில் ஒன்றுக்குப் பதிலாக ஒரு சிறு மந்திரத்தைப் பிரயோகிக்கலாம் என்று அனுமதித்தது முதலாவது; இதனால், 6 விநாடி அளவுள்ள ஒரே சுற்றில் வாளும் மந்திரமும் ஒன்றை அடுத்து ஒன்றாக ஒரே மூச்சில் எழுந்தன. எல்ஃபும் அரை எல்ஃபும் மட்டுமே இவ்வித்தைக்கு உரியவர் என்ற பிறப்பு நிபந்தனையை நீக்கியது இரண்டாவது. பழமையில் பற்றுள்ளவர்கள் இதை ஒரு நஷ்டமாகக் கருதியதை நான் அறிவேன். ஆனால் பிறப்பு என்பது ஆட்டக்காரர் செலுத்தும் விலையன்று; எல்ஃபாக ஆட விரும்பியவர் அந்த நிபந்தனையால் எதையும் இழக்கவில்லை, மற்றவர்கள் நுழைய முடியாமல் வெளியே நின்றார்கள், அவ்வளவே. எனவே அது போனதில் எனக்கு வருத்தமில்லை. மெக்கோம்பின் நூலில் இருந்த உதவிக் கடமை அதற்கு முன்பே விதிகளினின்று நழுவிப்போனதுதான் என் மனத்தை உறுத்துகிறது. இன்றைக்கும் பிளேட்சிங்கரை ஆடப் புகும் இளைஞர் ஒருவர் வந்தால், ஆபத்தில் எவரைக் கண்டால் அவர் கணக்குப் பாராமல் விரைவார் என்பதை முதலாட்டத்திலேயே அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுமாறு ஆட்டம் நடத்துவோரை நான் கேட்டுக்கொள்வேன்.