மிதிக்கும் கால், மூடும் கண்

1891 செப்டம்பர். பிரான்சின் மேற்கு மூலையிலுள்ள கெங்காம் என்ற சிற்றூரில் ஜியெல்-லவால் என்ற பந்தய வீரர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பாரிஸில் கிளம்பி, அட்லாண்டிக் கரையிலுள்ள பிரெஸ்ட் துறைமுகத்தைத் தொட்டு, மீண்டும் பாரிஸுக்கே திரும்ப வேண்டிய சைக்கிள் பந்தயம் அது. சுமார் 1,200 கிலோமீட்டர். பிரெஸ்டை முதலில் எட்டியவர் அவர்தான். பின்னால் வந்த ஷார்ல் தெரோன் கெங்காமில் நிற்கவே இல்லை. எதிராளி தூங்கும் ஊரை இருளோடு இருளாகக் கடந்து போய்விட்டார். 71 மணி 22 நிமிடத்தில் அவர் பாரிஸை அடைந்தபோது அதிகாலையிலும் பெருங்கூட்டம் காத்திருந்தது. ஜியெல்-லவால் பல மணி நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்.

பந்தயத்தை நடத்தியது ‘லெ பெத்தி ஜுர்னால்’ நாளிதழ். யோசனை அதன் ஆசிரியர் பியேர் ழிஃபாருடையது. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர்தான் முடித்தார்கள். தெரோன் வென்றதற்கு அவர் வண்டியில் பூட்டியிருந்த புதிய மிஷ்லின் காற்று டயரே காரணம் என்று விளம்பரங்கள் சொல்லின. டயருக்குப் பங்குண்டுதான். ஆனால் அன்றிரவு பந்தயத்தைத் தீர்மானித்தது தூக்கம்.

தெரோனுக்கு விழித்திருப்பது புதிதல்ல. 1879-லேயே லண்டன் இஸ்லிங்டனில் ஒரு மண்டபத்தில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில் ஓட்டியவர் அவர். அதற்கு முந்தைய ஆண்டு டேவிட் ஸ்டாண்டன் என்பவர் ஆறு நாளில் ஆயிரம் மைல் ஓட்டுவதாகப் பந்தயம் கட்டி அதே மண்டபத்தில் ஓட்டிக் காட்டியிருந்தார். ஏன் ஆறு நாள்? ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், அன்று கேளிக்கை கூடாது. திங்கள் முதல் சனி வரை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு.

இந்த வழக்கம் அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்குக்குப் போனதும் அதன் முகம் கடுமையானது. விதி எளிமையானது: ஒரு ஆள், ஒரு சைக்கிள், ஆறு நாள், அதிகத் தூரம் போனவருக்குப் பரிசு. எப்போது வேண்டுமானாலும் இறங்கித் தூங்கலாம், ஆனால் தூங்கும் ஒவ்வொரு மணியும் மற்றவனுக்கு லாபம். பயிற்சியாளர்கள் காபியோடு நிற்கவில்லை. ஸ்ட்ரிக்னைன், கொக்கெய்ன், நைட்ரோகிளிசரின் எல்லாம் ஓட்டுநர்களின் உடம்புக்குள் போயின. கடைசி இரண்டு நாள்களில்தான் கூட்டம் அதிகம் சேரும். ஓட்டிக்கொண்டே கண் செருகிச் சரிந்து விழும் மனிதர்களைப் பார்க்கவே பலர் காசு கொடுத்து வந்தார்கள் என்பது இந்த வரலாற்றின் வெட்கக்கேடான பக்கம்.

1896 டிசம்பரில் அங்கே களமிறங்கிய மேஜர் டெய்லருக்கு வயது 18. இண்டியானாபோலிஸைச் சேர்ந்த கறுப்பின இளைஞர், குறுந்தூர வேகத்தில் கெட்டிக்காரர். ஆறு நாளில் 1,732 மைல் ஓட்டி எட்டாம் இடம் பிடித்தார். பந்தயத்தின் பிற்பகுதியில், கத்தியோடு ஒருவன் தன்னைத் துரத்தி வருவதாகச் சொல்லி வண்டியில் ஏற மறுத்ததாக அன்றைய செய்திகள் கூறின. தூக்கத்தை அடக்கினால் கனவு கண்ணைத் திறந்துகொண்டே வந்துவிடும். மூன்று ஆண்டுகளில் இதே டெய்லர் மாண்ட்ரியலில் உலக ஸ்பிரிண்ட் சாம்பியன் ஆனார்.

அதே 1896-இல், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பாட்ரிக், கில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று பேரைத் தொடர்ந்து 90 மணி நேரம் தூங்கவிடாமல் வைத்து, அவர்களின் நினைவாற்றலையும் கைவலிமையையும் அளந்தார்கள். மனிதர்களிடம் தூக்கமின்மையை முறையாக ஆராய்ந்த முதல் சோதனை இதுதான் என்பார்கள். ஒருவருக்குத் தரையெல்லாம் எண்ணெய்ப் பசையோடு ஏதோ நெளிவதுபோல் தெரிந்தது. சோதனை முடிந்து நீளமாக ஒரு தூக்கம் போட்டதும் எல்லாம் சரியாயிற்று. ஆய்வகத்தில் கவனமாகக் குறித்துவைக்கப்பட்ட அதே நிலை, நியூயார்க்கில் டிக்கெட் போட்டு விற்கப்பட்டது.

அந்த ஆய்வாளர்கள் தொடங்கிவைத்ததைப் பின்னாளைய அறிவியல் விளக்கிவிட்டது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது சேரச் சேரத் தூக்கத்தின் அழுத்தம் ஏறும். இதோடு உடம்பின் உள்கடிகாரம் வேறு. பின்னிரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே உடல் வெப்பம் இறங்கும், விழிப்பும் இறங்கும். இரவுப் பேருந்து ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அறிந்த நேரம் அது. இரண்டும் சேரும்போது மூளை அனுமதி கேட்பதில்லை. சில விநாடிகள் தானாக அணைந்து எரியும். கண் திறந்திருந்தாலும்கூட இது நடக்கும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் மூன்று விநாடியில் 20 மீட்டர் தாண்டிவிடும். சாலை வளைவதற்கும் எதிரே லாரி வருவதற்கும் அது போதும். காபி அடினோசினின் இடத்தை அடைத்து ஏமாற்றுமே தவிர, சேர்ந்த கடனைக் கழிக்காது. குடித்து அரைமணி ஆனால்தான் முழுதாக வேலை செய்யவும் தொடங்கும். ஆகவே கண் சொக்குவது மனவுறுதியின் குறை இல்லை. உறுதி மிக்கவர்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார், இறங்க மறுப்பவர் அவர் என்பதால்.

1897-இல் சார்லி மில்லர் 2,093 மைல் ஓட்டி மேடிசன் ஸ்கொயரில் வென்றபோது, இது விளையாட்டா வதையா என்று பத்திரிகைகள் கேட்கத் தொடங்கியிருந்தன. 1898-இல் நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது: ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் பந்தயத்தில் ஓட்டக் கூடாது. அமைப்பாளர்கள் வழி கண்டுபிடித்தார்கள், இரண்டு பேரை ஒரு அணியாக்கினார்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் ஓய்வெடுக்க, பந்தயம் இரவுபகலாக நடந்தது. 1899-இல் மில்லரும் ஃபிராங்க் வாலரும் சேர்ந்து 2,733 மைல் ஓட்டினார்கள். வேகமும் கூடியது, பார்க்கவும் சுவைத்தது. இன்று ஒலிம்பிக்கில் இருவர் மாறி மாறி ஓட்டும் மேடிசன் போட்டி இந்தச் சட்டத்தின் வழிவந்தது. ஒரு மாநிலச் சட்டமன்றம் சைக்கிள் பந்தயத்துக்குச் செய்த ஆகப்பெரிய நன்மை என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

சாலைப் பந்தயத்துக்கு அப்படி ஒரு சட்டம் வரவில்லை. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்தது. 1901-இல் மொரிஸ் கரேன் 52 மணி 11 நிமிடத்தில் வென்றார். 1931-இல் ஆஸ்திரேலியர் ஹியூபர்ட் ஆப்பர்மன் 49 மணி 23 நிமிடம். 1951-க்குப் பிறகு தொழில்முறை வீரர்கள் இதற்கு வரவில்லை. மிஞ்சியது ஆர்வலர்களின் ஓட்டம். அதில் பரிசுத்தொகை கிடையாது, 90 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். வழியிலுள்ள லூதேயாக், கரே முதலிய ஊர்களின் சோதனைச் சாவடிகளில் வரிசையாகப் படுக்கை விரித்திருக்கும். சொன்ன நேரத்துக்குத் தன்னார்வலர் வந்து தோளைத் தொட்டு எழுப்புவார். அதற்கும் காத்திருக்க முடியாதவர்கள் பேருந்து நிறுத்தங்களிலும் வயலோரப் புல்லிலும் தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே சாய்ந்துவிடுவார்கள்.

இன்று இந்த ஓட்டத்துக்கு இந்தியாவிலிருந்தும் பெரிய கூட்டமாகப் போகிறார்கள். சென்னை, கோவை சங்கங்களில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் ப்ரெவே எனப்படும் நெடுந்தூரத் தகுதி ஓட்டங்களை முடித்துத் தகுதி பெறுகிறார்கள். அவர்களுக்கு ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. 90 மணிக்காரர்கள் பெரும்பாலும் மாலையில் கிளம்புவார்கள். பிரான்சில் இரவு பத்து மணி ஆகும்போது இந்திய உடம்புக்கு நள்ளிரவு ஒன்றரை. சில நாள் முன்பே போய் உள்கடிகாரத்தைத் திருப்பிக்கொள்ளாதவருக்கு முதல் இரவே கண்ணைக் கட்டும்.

இதன் மறு எல்லை அமெரிக்காவின் ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’. 1982-இல் நான்கு பேரோடு தொடங்கிய கரைக்குக் கரை ஓட்டம். லான் ஹால்டமன் பத்து நாளுக்குள் முடித்து வென்றார். அந்த நால்வரில் ஒருவரான மைக்கேல் ஷெர்மர், அடுத்த ஆண்டு நெப்ராஸ்கா மாநிலத்தில், தன் உதவிக் குழுவினரை வேற்றுகிரகவாசிகள் என்று முழுமையாக நம்பினார். ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்ததும் தெளிந்துவிட்டது. ஐந்து முறை வென்ற ஸ்லோவேனியப் படைவீரர் யூரே ரோபிச் சாலையோரத் தபால்பெட்டிகளை எதிரியென்று நினைத்துக் குத்தச் சென்றவர். எப்போது தூங்குவது என்பதை அவர் தீர்மானிக்கவில்லை, காரில் பின்தொடர்ந்த குழுதான் தீர்மானித்தது. தனியாக ஓட்டுபவர்களுக்கு அங்கே கட்டாயத் தூக்கம் என்று விதி கிடையாது. கடிகாரம் நிற்பதும் இல்லை. 1898-இல் ஓர் அரங்கத்துக்குள் புரிந்துகொள்ளப்பட்டது நெடுஞ்சாலையில் இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. அது எழுதப்பட வேண்டும்.

அதுவரை பழகியவர்கள் புதியவர்களுக்குச் சொல்வதே நடைமுறை விதி. பாதை இரண்டாகத் தெரிந்தாலோ, கடந்த ஐந்து நிமிடம் நினைவில் இல்லாவிட்டாலோ உடனே இறங்கு. அலாரம் வைத்து இருபது நிமிடம் படு. எழுந்ததும் ஏறாதே, மந்தம் தெளிய சற்று நட. 600 கிலோமீட்டர் ப்ரெவேயை 40 மணி நேரத்தில் முடித்துப் பதக்கத்துக்குப் பெயர் கொடுத்தவரிடம் இன்னொன்றும் சொல்வார்கள்: கார் சாவியை நண்பரிடம் கொடு, இல்லையென்றால் தூங்கிவிட்டு வீட்டுக்குப் போ.