பல்கலைக்கழக ஆங்கிலக் கற்கைநெறி மாணவரிடம் எதிர்பார்ப்பது என்ன?

க.பொ.த உயர்தரப் பெறுபேற்றில் பொது ஆங்கிலம் என்றொரு பாடம் இருக்கிறது. அதில் சித்தியடைந்தாலும் அடையாவிட்டாலும் இசட் புள்ளி மாறாது. இது மாணவர்களுக்கும் தெரியும், ரியூட்டரிகளுக்கும் தெரியும். ஆகவே இரண்டு வருடங்களும் மற்ற மூன்று பாடங்களுக்கே போய்விடுகின்றன. வடக்கு கிழக்கின் பின்தங்கிய பாடசாலைகள் பலவற்றில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருந்தாரா என்பது வேறு கேள்வி.

பல்கலைக்கழக வாசலைத் தாண்டியதும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், விவசாயம் ஆகியவற்றை ஆங்கிலத்திலேயே படிக்க வேண்டும். கலைப்பீடத்தில் தமிழில் படிக்க முடிந்தாலும் ஆங்கில மொழிப் பாடத்தைத் தவிர்க்க முடியாது. பல பீடங்களில் இந்தப் பாடத்தின் புள்ளி மொத்தச் சராசரியில் சேர்க்கப்படுவதில்லை. அதைக் கேட்டு, சேராத பாடம்தானே என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. சராசரியில் சேராவிட்டாலும் அதில் சித்தியடையாமல் பட்டம் வழங்கப்படாது என்ற விதி பக்கத்திலேயே இருக்கும். மாணவர் கைந்நூலில் முதல் வாரத்திலேயே தேடிப் படிக்க வேண்டிய வரி அது.

இன்று முதலாம் ஆண்டுக்கு வருபவர்கள் 2009இல் குழந்தைகளாக இருந்தவர்கள். ஷெல் சத்தம் நினைவில் இல்லாதவர்கள்கூட, அதற்குப் பிந்திய வறுமையிலும் இடப்பெயர்விலும் வளர்ந்தவர்கள். தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகிறவர்கள் பலர். அங்கே என்ன நடக்கும் என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. ஆங்கிலப் பாடத்தில் இவர்கள் சறுக்குவதற்கு இலக்கணம் தெரியாதது மட்டும் காரணமல்ல. எதிர்பார்க்கப்படுவது என்ன என்பதை யாரும் வாய்திறந்து சொல்லாததும் ஒரு காரணம்.

முதலில் நேரக் கணக்கு. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு திறமை அலகு என்பது 50 மணித்தியாலக் கற்றல். மூன்று வருடப் பட்டத்துக்கு 90 அலகுகள், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. விரிவுரையாக நடப்பது பொதுவாக ஓர் அலகுக்கு 15 மணித்தியாலம். மீதி 35 மணித்தியாலமும் மாணவர் தானாக வாசித்து, எழுதி, ஒப்படை செய்து கழிக்க வேண்டியது. அதாவது வகுப்பில் இருந்த நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ரியூட்டரியில் கொப்பியில் எழுதியதை மனனம் செய்தால் போதும் என்று பழகியவருக்கு இந்த 35 மணித்தியாலம் கண்ணில் படாது. விரிவுரையாளரோ அது நடந்துவிட்டதாக எண்ணிக்கொண்டே அடுத்த வகுப்பைத் தொடங்குவார்.

வரவு பெரும்பாலான பீடங்களில் 80 சதவீதம் வேண்டும். அதற்குக் குறைந்தால் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். பகுதிநேர வேலை செய்து வீட்டுக்குக் காசு அனுப்புகிறவர், அம்மாவை கிளினிக்குக் கூட்டிச் செல்கிறவர், காணாமல் ஆக்கப்பட்ட தகப்பனுக்காக விசாரணைக்குப் போகிறவர் ஆகியோருக்கு மீதி 20 சதவீதம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதைச் சோம்பலுக்குச் செலவழிக்காமல் வைத்திருப்பதே புத்தி.

பேச்சு அடுத்தது. வகுப்பில் மௌனமாக இருப்பது பாடசாலையில் ஒழுக்கம். இங்கே அதற்குப் புள்ளி குறையும். கேள்வி கேட்பது, குழுவில் பேசுவது, ஐந்து நிமிடம் முன்னால் நின்று ஒரு விடயத்தை முன்வைப்பது எல்லாம் மதிப்பீட்டின் பகுதிகள். லண்டன் உச்சரிப்பை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கேட்பவருக்கு விளங்க வேண்டும், தாளைப் பார்த்து வாசிக்காமல் பேச வேண்டும், அவ்வளவுதான். தென்னிலங்கைப் பல்கலைக்கழக மாணவர் பேச்சில் ஆங்கிலத்துக்கு ‘கடுவ’, அதாவது வாள், என்றொரு பெயர் உண்டு. மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து, இலங்கையில் ஆங்கிலம் எவ்வாறு அதிகாரத்தின் ஆயுதமாயிற்று என்று எழுதினார். வாள் யார் கையில் இருக்கிறது என்ற பயம் தமிழ் மாணவருக்கும் உள்ளதுதான். புதியவர் ஆங்கிலத்தில் வாய்திறந்தால் ‘பெரிய ஆள்’ என்று நக்கலடிக்கும் சீனியர்களும் இருக்கிறார்கள். நக்கலடித்தவர்களே இறுதியாண்டில் நேர்முகப் பரீட்சைக்கு ஆங்கிலம் தேடி ஓடுவது தனிக்கதை. எல்லை மீறும் பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம் என்பதையும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

மாணவர்கள் கூடுதலாக இடறுவது எழுத்தில். நமது பாடசாலைக் கட்டுரை உலகம் தோன்றிய நாளிலிருந்து தொடங்கி, ஒரு குறளைத் தொட்டு, மெல்ல விடயத்துக்கு வரும். அந்த மரபுக்குத் தனி அழகு உண்டு. பல்கலைக்கழக ஆங்கிலக் கட்டுரையிலோ முதற் பந்தியிலேயே நீங்கள் நிறுவப்போவது என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பந்தியும் ஒரு கருத்தைப் பிடித்து, அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

அந்த ஆதாரம் என்பதைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். இறுதி யுத்தம் பற்றி ஒரு மாணவி கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘40,000 பொதுமக்கள் கொல்லப்பட்டனர்’ என்று ஒரு வசனம். விரிவுரையாளர் ஓரத்தில் ‘யார் சொன்னது?’ என்று சிவப்பு மையால் கேட்கிறார். மாணவிக்குக் கோபம் வருகிறது. தன் சொந்தங்களைப் பறிகொடுத்தவரிடம் இப்படிக் கேட்பதா? ஆனால் அந்தக் கேள்வி மறுப்பு அல்ல. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, பொதுமக்கள் இறப்பு 40,000 வரை இருக்கலாம் என நம்பகமான வட்டாரங்கள் மதிப்பிட்டதாகக் குறிப்பிட்டது. 2012 நவம்பரில் வந்த ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கை, 70,000க்கும் மேற்பட்டோருக்குக் கணக்கில்லை என்று காட்டும் தகவல்களைச் சுட்டியது. ‘கொல்லப்பட்டனர்’ என்பதும் ‘இருக்கலாம் என மதிப்பிடப்பட்டது’ என்பதும் ‘கணக்கில்லை’ என்பதும் மூன்று வேறு கூற்றுகள். எந்த அறிக்கை, எந்த ஆண்டு, எவ்வளவு உறுதியோடு சொன்னது என்று எழுதத் தெரிந்தவரின் வசனத்தை எதிர்த்தரப்பு இலகுவில் தட்டிவிட முடியாது. ‘அனைவரும் அறிந்ததே’ என்று எழுதுபவரின் வசனம் முதற் கேள்வியிலேயே விழுந்துவிடும். நம் மக்களுக்கு இந்தப் பயிற்சி வெறும் புள்ளிக்கான காரியமாகத் தெரியவில்லை.

இதன் மறுபக்கம் கருத்துத் திருட்டு. ரியூட்டரியில் கொடுத்த கட்டுரையை வகுப்பு முழுவதும் ஒரேமாதிரி எழுதினால் பாடசாலையில் பாராட்டு. இங்கே அது களவு. பெயர் குறிப்பிடாமல் பிறர் வசனத்தை எடுப்பது மட்டுமல்ல, ஒரு பந்தியை எடுத்து நாலு சொல்லை மாற்றிப் போடுவதும் களவுதான். மூலத்தை மூடிவைத்துவிட்டு, விளங்கியதைச் சொந்த வசனத்தில் எழுதி, கீழே மூலத்தின் பெயரையும் ஆண்டையும் குறிப்பதே வழி. சட்ஜிபிடி எழுதித்தந்த ஒப்படையைக் கொடுப்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். இரண்டாவது பந்தியை விளக்குங்கள் என்று விரிவுரையாளர் கேட்கும் இடத்தில் அது முடிந்துவிடும். பதின்மூன்று வருடம் மனனம் செய்யப் பழக்கிவிட்டு, பதினான்காம் வருடம் அதையே குற்றம் என்று சொல்வது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே எனது பதில். முதலாம் ஆண்டில் எச்சரித்துத் திருத்தக் கொடுக்கும் விரிவுரையாளரே சரியானவர்.

இன்னொரு சங்கடம் தலைப்புகளில் இருக்கிறது. ஆங்கிலப் பாடம் எங்கும் ‘எனது குடும்பம்’, ‘மறக்க முடியாத நாள்’ என்றுதான் தொடங்கும். கடந்தகாலம் கற்பிக்க வசதியான தலைப்புகள். ஆனால் முள்ளிவாய்க்காலில் தகப்பனை விட்டுவந்த பிள்ளைக்கு அது வெறும் வினைச்சொற் பயிற்சியல்ல. எழுதியே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சோதிக்கப்படுவது மொழிதான். கற்பனைக் குடும்பத்தை எழுதலாம், வேறு தலைப்புக் கேட்கலாம். காரணத்தை விளக்கவும் தேவையில்லை.

பாடத்துக்கும் வாழ்வுக்கும் இடையிலான இந்த இடைவெளி புதிதல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1994 வரை ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தனது முதலாம் ஆண்டுக் கலைப்பீட மாணவர்களின் பாடப்புத்தகங்களைப் பார்த்தார். அமெரிக்க நகர வாழ்க்கையைச் சொல்லும் புத்தகம் அது. ஓரங்களிலோ மாணவர்கள் தம் போராட்டத்தையும் தமிழ்ச் சினிமாவையும் கிறுக்கியும் வரைந்தும் வைத்திருந்தார்கள். வகுப்பில் வாய் திறக்காதவர்கள் ஓரத்தில் பேசியதை அவர் 1999இல் ஒரு நூலாகவே எழுதினார். அந்நூல் ஆங்கிலம் கற்பித்தல் துறையில் இன்றும் வாசிக்கப்படுகிறது. ஓரத்தில் கிறுக்கியதை வகுப்பில் பேசவிட்டால் மொழி வரும் என்பதை இன்றைய ஆங்கில ஆசிரியர்களும் கவனிக்கலாம்.

கடைசியாகச் சில நடைமுறைகள். சுகவீனத்தால் பரீட்சையைத் தவறவிட்டால், ஏற்றுக்கொள்ளப்படும் மருத்துவச் சான்றிதழைக் குறித்த நாட்களுக்குள் பீட அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அடுத்த முறை தோற்றுவது முதற் தடவையாகக் கணிக்கப்படும். கொடுக்காவிட்டால் மீளத் தோற்றுபவராகி, எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாக ‘சி’ தரத்துக்கு மேல் கிடைக்காது. காயத்தால் கை வழங்காதவர்கள், பார்வையோ செவிப்புலனோ குறைந்தவர்கள் மேலதிக நேரத்துக்கும் எழுத்துதவியாளருக்கும் விண்ணப்பிக்கலாம். ஷெல் வெடிப்பில் ஒரு காது மந்தமானவர் அதைச் சொல்லாமல், ஒலிப்பதிவு கேட்டு எழுதும் கேட்டல் சோதனையில் பின்வரிசையில் இருந்து தோற்பது தேவையற்றது. இந்த விண்ணப்பங்களைப் பரீட்சைக் கிழமையில் கொண்டுபோனால் கைவிரிப்பார்கள். வரவோ உடல்நிலையோ பணமோ இடிக்கும் என்று தெரிந்தவுடன், அரையாண்டின் முதல் சில வாரங்களிலேயே பாட விரிவுரையாளரிடமோ மாணவ ஆலோசகரிடமோ எழுத்தில் கொடுத்து, திகதியிட்ட பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.